ரெசின் என்றால் குங்கிலியம்

"மரம் தன் சாற்றைப் பீய்ச்சி வண்டை விரட்டுகிறது." காட்டைப் பற்றிய தமிழ் டப்பிங் படம் எதைப் போட்டாலும் இந்த வரி வந்துவிடுகிறது. போன வாரமும் கேட்டேன். திரையில் வட அமெரிக்காவின் லாட்ஜ்போல் பைன் மரம். வண்டு துளைத்த இடத்தில் சோளப்பொரி மாதிரி ஒரு வெளிர்மஞ்சள் கட்டி. அதற்குள் அரிசி அளவே உள்ள கறுப்பு வண்டு சிக்கிக் கிடக்கிறது. அந்தக் கட்டி சாறு அல்ல, ரெசின்.

 

சாறு என்றால் கதையே கெட்டுவிடுகிறது. பட்டை வண்டு வருவது உள்பட்டையைத் தின்ன. இலை சமைத்த சர்க்கரை அந்த வழியாகத்தான் இறங்குகிறது, அதுதான் சாறு. ரெசினுக்குத் தனி நாளங்கள் உண்டு. டர்பன்டைன் வாடை அடிக்கும், வண்டுக்கு நஞ்சு. இரண்டையும் சாறு என்றால், வண்டு தேடி வந்த சோறும் அதன் தலையில் கொட்டிய கொதிநீரும் ஒன்றாகிவிடுகின்றன. பட்டை வண்டுகளில் ஒன்றான மலைப் பைன் வண்டோ அந்த ரெசினில் உள்ள பைனீன் என்ற வேதிப்பொருளிலிருந்தே ஒரு வாசனைப் பொருளைச் செய்து கூட்டத்தை அழைக்கிறது. கூட்டம் மொய்த்தால் மரத்தின் ரெசின் கையிருப்பு தீரும். வறட்சியில் வாடிய மரத்துக்கு அது இன்னும் சீக்கிரம் தீரும். 1990களில் தொடங்கி கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கோடிக்கணக்கான பைன்கள் இப்படிச் செத்தன.

சரி, பிசின் என்று போடலாமே? கலைச்சொல் பட்டியல்களில் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. பாதாம் பிசினை இரவு ஊறப்போட்டால் காலையில் கிண்ணம் நிறைய ஊதி நிற்கும். கருவேலம் பிசின் தண்ணீரில் கரைந்து காகிதம் ஒட்டும். குங்கிலியத்தை ஒரு வாரம் ஊறவைத்தாலும் கல்லாகவே கிடக்கும், தணலில் போட்டால்தான் உருகி மணக்கும். ரெசினின் குணம் அச்சாக அதுவே. நீரில் ஊறுவதற்கும் கரைவதற்கும் உரிய சொல்லை நீரே ஒட்டாத பொருளுக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் உண்மையான பிசினுக்குக் கோந்து, பசை என்று தேடி அலைகிறார்கள். சமையலறையில் எல்லாரும் அறிந்த வேறுபாடு பாடப்புத்தகத்தில் தொலைந்துபோகிறது.

குங்கிலியம் குறிப்பிட்ட மரத்துக்கு மட்டும் உரியது என்பார்கள். அப்படியில்லை. வெள்ளைக் குங்கிலியம் ஒரு மரம், கருங்குங்கிலியம் வேறொரு மரம். அடைமொழி சேர்த்து விரிப்பது இந்தச் சொல்லின் பழக்கம். பைன் குங்கிலியம் என்பது அதே வழியில் வருகிறது. வடமொழிக் குக்குலுவோடு உறவு உண்டே என்று தயங்குபவர்கள், தாலிப் பொன்னைக் கொடுத்தும் குங்கிலியமே வாங்கிய திருக்கடவூர்க் கலய நாயனாரை நினைத்துக்கொள்ளட்டும். பெரிய புராணத்தில் இருக்கும் சொல் நமக்கு அந்நியமா?

அதே டப்பிங்கில் பிறகு, பூச்சி சிக்கிய பால்டிக் அம்பரை, அதாவது பழங்காலத்தில் கல்லாக இறுகிய ரெசினைக் காட்டி "உறைந்த மரச்சாறு" என்றார்கள். சாறு அப்படி உறையாது. பதநீரும் மரச்சாறுதான், சுண்ணாம்பு சேர்க்காமல் ஒரு பகல் வைத்தால் கள்ளாகப் புளிக்கிறது.