எத்தனை கிலோ தாங்கும்?

சத்தீஸ்கரில் கண்ணிவெடி என்று செய்தி வந்தால் போதும், எங்கள் பெங்களூரு கே.ஆர்.புரம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எனக்கு ஒரு கேள்வி நிச்சயம். "நீங்கதான் அந்த வண்டி வேலை பாக்குறீங்களே சார், அது எத்தனை கிலோ தாங்கும்?" அந்த வண்டி என்பது கண்ணிவெடி தாங்கும் கவச வண்டி, சுருக்கமாக எம்பிவி. என் வேலை, வெடிப்பைக் கணினியில் நிகழ்த்திப் பார்ப்பது. தரையில் கிளம்பும் அடி வண்டியின் அடித்தகட்டுக்கும், அங்கிருந்து இருக்கைக்கும், உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்புக்கும் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதுதான் தினமும் பார்க்கும் கணக்கு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கிலோ கணக்கு பாதி பதில்கூட இல்லை.

சரி, கிலோவையே முதலில் பார்த்துவிடலாம். நேட்டோ நாடுகள் வகுத்த ஸ்டானாக் 4569 என்ற தரத்தைத்தான் உலகம் முழுக்க அளவுகோலாக வைத்துப் பேசுகிறார்கள். இரண்டாம் நிலை என்றால் 6 கிலோ வெடிமருந்து, மூன்றாம் நிலை 8, நான்காம் நிலை 10. ஒவ்வொரு நிலையிலும் 'ஏ', 'பி' என்று இரண்டு பிரிவு. 'ஏ' என்றால் வெடி சக்கரத்துக்கு அடியில், 'பி' என்றால் வண்டியின் வயிற்றுக்கு நேர் கீழே. எடை ஒன்றுதான் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. சக்கரத்தடியில் வெடித்தால் சக்கரமும் ஆக்ஸிலும் பிய்த்துக்கொண்டு போகும், ஆட்கள் இருக்கும் கூடு தப்பிக்கும். நடு வயிற்றில் வெடித்தால் வாங்கிக்கொள்ள இடையில் எதுவும் இல்லை. விற்பனைக்கு வருபவர் வெறுமனே 'எட்டு கிலோ' என்றால், எந்த இடத்தில் என்று கேளுங்கள். சிலர் அங்கேயே தடுமாறுவார்கள்.

இந்த வண்டிகளின் கதை 1970களில் ரொடீசியாவிலும் (இன்றைய ஜிம்பாப்வே) தென்னாப்பிரிக்காவிலும் தொடங்குகிறது. செம்மண் சாலைகளில் புதைத்த டாங்க் எதிர்ப்புக் கண்ணிகளில் சிக்கி லாரி லாரியாக ஆட்கள் செத்தார்கள். முதலில் லாரித் தளத்தில் மணல் மூட்டை அடுக்கினார்கள். பிறகு தென்னாப்பிரிக்கர்களின் பஃபல் வந்தது. அதன் டயர்களுக்குள் ஒவ்வொன்றிலும் சுமார் 500 லிட்டர் தண்ணீர் நிரப்பினார்கள், வெடிப்பின் வேகத்தைக் கொஞ்சமாவது தணிக்க. அடுத்து வந்த காஸ்பிரில் எல்லாம் ஒன்றுகூடின: தரையிலிருந்து நல்ல உயரம், ஆங்கில 'வி' வடிவில் சரிந்த அடிப்பகுதி, உடலும் சட்டகமும் ஒன்றாகிய எஃகுக் கூடு. வெடிப்பின் அழுத்தம் தூரம் கூடக் கூடச் சரசரவென்று குறையும், அதனால் உயரம். மிச்சம் வருவது நேராக முட்டாமல் இரண்டு பக்கமும் வழுக்கிப் போகட்டும் என்றுதான் சரிவு. நம் ராணுவமும் காஸ்பிர்களை வாங்கியது. அப்புறம் மேடக் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஆதித்யா என்ற நம் வண்டி தயாரானது.

எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டுவது ஒன்று. இவ்வளவும் தெரிந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, தட்டையான அடிப்பகுதி கொண்ட ஹம்வீ என்ற ராணுவ வண்டியில்தான் அமெரிக்கர்கள் ஈராக்கின் சாலைகளில் ஓடினார்கள். 2006 டிசம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலராக வந்த ராபர்ட் கேட்ஸ், 2007இல் இதுதான் முதல் வேலை என்று அறிவித்த பிறகே 'எம்ராப்' எனும் கண்ணிவெடி தாங்கும் வண்டிகள் ஆயிரக்கணக்கில் இறங்கின.

இனி வண்டிக்குள் போவோம். அடித்தகடு கிழியாவிட்டால் தப்பித்தோம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிழியாத தகடும் சில மில்லி நொடிகளில் மேல்நோக்கிப் புடைத்து எழும். அதன் மேல் பூட்ஸ் கால் வைத்திருந்தால் கணுக்காலும் கெண்டைக்காலும் நொறுங்கும். சோதனைப் பொம்மையின் கீழ்க்காலில் 5.4 கிலோநியூட்டனுக்கு மேல் பதிவானால் அந்த வடிவமைப்பு தேறாது. முதுகெலும்புக்கும் இப்படி ஒரு வரம்பு உண்டு. அதனால்தான் நல்ல வண்டியில் இருக்கையைத் தரையில் போல்ட் அடிக்க மாட்டார்கள். சுவரிலோ கூரையிலோ தொங்கவிடுவார்கள். காலுக்குத் தரையைத் தொடாத தனிப் படி இருக்கும். இருக்கையைப் பிடித்திருக்கும் பாகம் நசுங்கி இறங்கி, அடியைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த நசுங்கும் பாகம்தான் தலைவலி. பீன்யாவில் ஒரு சின்னப் பட்டறையில் மாதிரி பிராக்கெட் செய்யக் கொடுத்திருந்தோம். எடுக்கப் போனால், மூலையில் வரைபடத்தில் இல்லாத முக்கோணத் தகடு ஒன்று அழகாக வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறது. "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு ஒரு கசட் வச்சுட்டேன் சார், தனியா காசு வேண்டாம்" என்றார் வெல்டர், திருப்பத்தூர்க்காரர். நல்ல மனசு. ஆனால் அந்தத் தகடு இருந்தால் பிராக்கெட் மடங்காது, அடி முழுக்க முதுகுத்தண்டுக்குப் போகும். "இது மடங்குறதுக்குன்னே செய்யறது அண்ணே" என்று விளக்கிச் சொன்னதும், கிரைண்டரை எடுத்து அவரே அறுத்துப் போட்டார்.

இன்னொரு குழப்பம், குண்டு துளைக்காத வண்டியையும் கண்ணிவெடி தாங்கும் வண்டியையும் ஒன்றாக நினைப்பது. எஸ்யூவியின் கதவிலும் கண்ணாடியிலும் கவசம் ஏற்றினால் துப்பாக்கிக் குண்டு நிற்கும். அடிப்பகுதி பழையபடி தட்டையாக, தாழ்வாகத்தானே இருக்கிறது?

எம்பிவியே ஆனாலும் எல்லை உண்டு. 2018 மார்ச் 13 அன்று சத்தீஸ்கரின் சுக்மா மாவட்டம் கிஸ்தாராம் அருகே சிஆர்பிஎஃப்பின் எம்பிவி ஒன்று வெடித்துத் தூக்கி எறியப்பட்டு 9 பேர் இறந்தார்கள். சிறுபாலத்துக்கு அடியில் ஐம்பது கிலோ திணிக்க முடிந்தவனிடம் 'வி' வடிவம் அதிகம் பேச முடியாது. அதற்காக வண்டியே வீண் என்பதையும் ஏற்க மாட்டேன். 2025 ஜனவரி 6 அன்று பிஜாப்பூரில் சாதாரண வண்டியில் போன 8 காவலர்களும் ஓட்டுநரும் இறந்தார்கள். பாதையை முன்கூட்டியே சோதிக்கும் ஆட்கள், வண்டி, உள்ளே இருப்பவரின் பழக்கம் மூன்றும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

பழக்கம் என்றதும் அல்சூரில் இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற மெட்ராஸ் சாப்பர் (ராணுவப் பொறியாளர் படைக்காரர்) சொன்னது நினைவுக்கு வருகிறது. "தம்பி, பெல்ட் மாட்டினா சட்டுனு குதிக்க முடியாதுன்னு பசங்க கழட்டிடுவாங்க. வெயில் வேற, உள்ள வேகும்." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, பதுங்கியிருப்பவன் வெடித்த கையோடு சுடவும் செய்வான். ஆனால் பெல்ட் இல்லாதவரை அந்த வெடிப்பு முறத்தில் போட்டுப் புடைத்ததுபோல் கூரையில் அடித்துவிடும். கட்டாமல் வைத்த தோட்டாப் பெட்டியும் ஜாக்கியும் கூடவே பறக்கும். ஒரே திருப்பில் எல்லாப் பட்டைகளும் கழலும் பக்கிள்கள் இப்போது இருக்கின்றன. கண்ணைக் கட்டிக்கொண்டு, வண்டி சாய்ந்த நிலையிலும் கழற்றப் பழக்கிவிட்டால் இந்தப் பயம் பெரும்பாலும் போய்விடும். வண்டி வாங்கும் ஒப்பந்தத்திலேயே அந்தப் பயிற்சியையும் எழுதிச் சேர்க்கலாம். வண்டி விலைக்கு முன்னால் அந்தச் செலவு பெரிதல்ல.