கேம்பரைச் சுமக்கும் டிரக்: பின் அச்சின் கணக்கு

வட அமெரிக்க நெடுஞ்சாலைகளில், பின்தொட்டியில் ஒரு சிறு வீட்டையே ஏற்றிக்கொண்டு செல்லும் பிக்கப் டிரக்குகளைக் காணலாம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய அந்தக் கேம்பரின் முழு எடையையும் டிரக்கின் ஸ்பிரிங்குகளும் அச்சுகளும் டயர்களுமே தாங்குகின்றன. பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லரிலோ, ஏறத்தாழ 10 முதல் 15 சதவீத எடைதான் டிரக்கின் மீது அமர்கிறது. ஆகவே, இத்தனை டன் இழுக்கும் என்ற விளம்பரத்தை நம்பிக் கேம்பருக்கு டிரக் வாங்குபவர் தமக்குத் தேவையில்லாத எண்ணைத்தான் பார்க்கிறார்.

தேவையான எண், ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டிய சிறு தாளில் இருக்கிறது: ஆட்களும் சரக்குமாகச் சேர்த்து அந்த வண்டி சுமக்கக்கூடிய எடை. மொத்த எடை வரம்பிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்துக் கிடைப்பது இது என்பதால், வரம்பு மாறாத நிலையில் நான்கு கதவுக் கேபின், நான்கு சக்கர இயக்கம், கனமான டீசல் எஞ்சின் என்று வசதிகளைக் கூட்டக் கூட்டச் சுமைத்திறன் குறையும். டிரக் வகைகளுக்கு வழங்கும் அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்ற பெயர்கள் பழைய வழக்கின் மிச்சமே. அவற்றை வைத்துக் கணக்கிட முடியாது.

கேம்பரின் விலைப்பட்டியலில் 1,000 கிலோ என்றிருந்தால் அது பெரும்பாலும் வெறும் பெட்டியின் எடைதான். 150 லிட்டர் தண்ணீருக்கு 150 கிலோ, எரிவாயு, பேட்டரி, பாத்திரம், துணிமணிகளுக்கு இன்னொரு 150 கிலோ சேர்ந்தால் 1,300 ஆகிவிடும்; ஆட்கள் இன்னும் ஏறவில்லை. அரை டன் வகை டிரக்குகள் பொதுவாக இங்கேயே கழிந்துவிடும்.

எடை எங்கே அமர்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். சைக்கிள் கேரியரின் பின்நுனியில் மூட்டையைக் கட்டினால் ஹேண்டில் லேசாகித் தள்ளாடுமே, அதே நெம்புகோல் விதிதான் இங்கும். முன், பின் அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர் உள்ள டிரக்கில், 1,300 கிலோ கேம்பரின் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 40 சென்டிமீட்டர் பின்னால் விழுந்தால், பின் அச்சின் மீது 1,430 கிலோ ஏறும்; முன் அச்சோ 130 கிலோ இலேசாகி, திருப்புவதிலும் பிரேக்கிலும் பிடிமானம் குறையும். அதே மையம் 40 சென்டிமீட்டர் முன்னால் அமைந்தால் பின் அச்சுக்கு 1,170 கிலோதான். மீதி 130 கிலோவை முன் அச்சு வாங்கிக்கொள்ளும். நீளமான கேம்பரைக் குட்டைத் தொட்டியில் ஏற்றுவதில் உள்ள சிக்கல் இதுவே. சரக்கின் ஈர்ப்பு மையம் எங்கிருந்து எங்குவரை அமையலாம் என்பதை டிரக் நிறுவனங்கள் படமிட்டுக் காட்ட வேண்டும் என்று அமெரிக்க விதிகள் கேட்பதும் இதனால்தான்.

தாழ்ந்துபோன பின்பகுதியைக் காற்றுப்பை ஸ்பிரிங் நிமிர்த்தும். ஆனால் அச்சின் வரம்பையும் டயரின் வரம்பையும் அது ஒரு கிலோகூட உயர்த்தாது. பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர் கொண்ட டிரக், சுமையைப் பகிர்வதோடு அகன்று நிற்பதால், உயரமான கேம்பரின் பக்கவாட்டு ஆட்டத்தையும் குறைக்கிறது.

வாங்கியபின், தண்ணீரும் சாமானும் நிரப்பி, ஆட்களோடு எடைமேடையில் ஏறி, ஒவ்வோர் அச்சின் எடையையும் தனித்தனியே பார்த்துவிட வேண்டும். வெற்று வண்டியில் இருந்ததைவிட முன் அச்சின் எடை குறைந்திருந்தால், கேம்பரோ டிரக்கோ மாற வேண்டும்.