நலமுரண்: "கொன்ஃப்ளிக்ற் ஒஃப் இன்ரறெஸ்ற்" எண்டதுக்குத் தமிழ் என்ன?

என்ர மச்சான் ஒருத்தன் பாரிஸில, கோப்பை கழுவப் போனவன், பதினைஞ்சு வருசத்தில இப்ப அந்த ரெஸ்ரோரண்டுக்கு எந்த வைன் எடுக்கிறது எண்டு தீர்மானிக்கிற ஆளா வந்திட்டான். அங்கத்தைத் தமிழ்ச் சஞ்சிகை ஒண்டு அவனிட்ட வைனைப் பற்றியும், ஜப்பானில அரிசியில செய்யிற சாகே எண்ட மதுவைப் பற்றியும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கு. அதை எப்பிடியோ அறிஞ்ச ஒரு இறக்குமதிக்காரர் ஆறு போத்தல் சாகே காசில்லாமல் அனுப்பி, மேல ஒரு துண்டில "வடிவா எழுதுங்கோ" எண்டும் எழுதி விட்டிருக்கிறார். மச்சான் எனக்குக் கோல் எடுத்து, "இப்ப எனக்கு இருக்கிற பிரச்சினையைத் தமிழில என்னெண்டு எழுதிறது, லஞ்சம் எண்டு எழுதினால் அந்த மனுசன் பாவம், ஒண்டும் எழுதாமல் விட்டால் வாசிக்கிற சனம் பாவம்" எண்டான். நான் மொழிபெயர்ப்பு வேலை செய்யிற ஆள், உடன பதில் சொல்லியிருக்கோணும், ஆனால் யோசிக்கத்தான் வேண்டியிருந்தது.

ஏனெண்டால் இங்கிலிசில கொன்ஃப்ளிக்ற் ஒஃப் இன்ரறெஸ்ற் எண்டு சொல்லுற இந்த நிலைக்குத் தமிழில ஒரு சொல் இல்லை, கனக்க இருக்கு. ஆர்வ முரண்பாடு, அக்கறை முரண்பாடு, நலன் முரண்பாடு, நலமுரண் எண்டு ஆளுக்கொரு மாதிரி எழுதுகினம். ஆர்வ முரண்பாடு எண்டது எனக்குத் துண்டாப் பிடியாது. ஆர்வம் எண்டால் ஒண்டைச் செய்ய வேணும் எண்ட விருப்பம், பொடியனுக்குக் கிரிக்கெற்றில ஆர்வம் எண்ட மாதிரி, அது இன்ரறெஸ்ற்றின்ர இன்னொரு அர்த்தம், இங்க வாற அர்த்தம் இல்லை. அக்கறை கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் எங்கட ஊரில அக்கறை எண்டால் பிள்ளையில தாய்க்கு இருக்கிறது, அது நல்ல குணம், அதில என்ன முரண் எண்டுதான் வாசிக்கிற ஆள் கேக்கும்.

மூலத்தைப் பாத்தால் வடிவா விளங்கும். இன்ரறெஸ்ற் லத்தீன் சொல், "இன்ரர்" எண்டால் இடையில, "எஸ்ஸே" எண்டால் இருக்கிறது, ரெண்டும் சேந்தால் இடையில இருக்கிறது. மத்திய காலத்தில நட்டத்துக்குக் குடுக்கிற ஈட்டுத்தொகையைக் குறிச்சு, பேந்து கடனுக்கு வாற வட்டிக்கும் அதே சொல்லாப் போச்சுது, அதாலதான் இங்கிலிசில வட்டிக்கும் ஈடுபாட்டுக்கும் ஒரே சொல். கொன்ஃப்ளிக்ற் எண்டது ஒண்டோட ஒண்டு அடிபடுறது. ரெண்டும் பழைய சொல்லுகள்தான், ஆனால் ரெண்டையும் ஒண்டாக்கித் தொழில் ஒழுக்கத்துக்குப் பாவிக்கிறது பரவலானது 20ஆம் நூற்றாண்டின்ர நடுப்பகுதியில இருந்துதான். இடையில இருக்கிறது எண்ட அந்த முதல் அர்த்தத்தை மறக்கக் கூடாது, ருசி பாக்கிற ஆளுக்கும் வாசிக்கிற ஆளுக்கும் இடையில ஒரு போத்தலோ ஒரு ரிக்கெற்றோ ஒரு உறவோ இருக்குது, அதுதான் விசயம்.

சரி, தமிழில நலம். "நலமா?" எண்டு சுகம் விசாரிக்கிற சொல்தானே எண்டு சிலபேர் சொல்லுவினம், ஆனால் சுயநலம், பொதுநலம், தன்னலம் எண்டு நாங்கள் நாளாந்தம் சொல்லுற இடத்தில நலம் எண்டது சுகத்தை இல்லை, ஒருத்தருக்கு எதால நன்மை வருமோ அதைத்தான் குறிக்குது. நலம், நலன் ரெண்டும் ஒண்டு, அறம், அறன் மாதிரி இறுதிப்போலி, கடைசி எழுத்து மாறினாலும் அர்த்தம் மாறாது. முரண் எண்டதைப் பள்ளிக்கூடத்தில முரண்தொடை படிச்ச எல்லாருக்கும் தெரியும். எழுதிறவற்ற சுயநலமும் வாசிக்கிறவையின்ர நலமும் ஒரே ஆளுக்குள்ள முட்டுப்படுற நிலை, அதுதான் நலமுரண். புதுசா ஒரு சொல்லும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

இதில நான் அழுத்திச் சொல்ல வாறது, நலமுரண் ஒரு நிலை, குற்றம் இல்லை. லஞ்சம் எண்டால் கை மாறினது, பக்கச்சார்பு எண்டால் மனம் சாய்ஞ்சது, நலமுரண் இந்த ரெண்டுக்கும் முதலே வந்திடும், ஒருத்தரும் ஒரு பொய்யும் சொல்லாமலே அது இருக்கும். திருக்குறளில நடுவு நிலைமை அதிகாரத்தில சொற்கோட்டம், உட்கோட்டம் எண்டு ரெண்டு சொல் வருகுது, உள்ளுக்குக் கோணல் இல்லையெண்டால் சொல்லிலயும் கோணல் வராது எண்டு 119ஆவது குறள். ஆனால் மற்ற ஆளின்ர உள்ளுக்குள்ள கோணல் இருக்கோ இல்லையோ எண்டு வாசிக்கிற நான் எப்பிடிக் காணுறது? எனக்குத் தெரியிறது அவர் எங்க நிக்கிறார் எண்டது மட்டும்தான், அதுக்குத்தான் இந்தச் சொல் வேணும்.

என்ர சித்தப்பாவை இதில நினைக்காமல் இருக்க ஏலாது. வடமராட்சியில எங்கட பக்கத்துத் தவறணையில, கள்ளு விக்கிற இடத்தில, அவர் சொன்னால் சொன்னதுதான், கள்ளு ஊத்தின ஓலைப் பிளாவைக் கையில வாங்கி, நுரையை ஊதி ஒதுக்கி, ஒரு வாய் எடுத்து வைச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நிப்பார், பேந்து "இது காலைத்தையான், தண்ணி பட்டிருக்கு" எண்டுவார், அவ்வளவுதான், அண்டைக்கு அந்த முட்டி விலைப்படாது. அதாலேயே தவறணைக்காரர் முதல் பிளாவுக்குக் காசு வேண்டாம் அண்ணை எண்டு நிப்பார். சித்தப்பா ஒருநாளும் ஒத்துக்கொள்ளேல்லை, காசை மேசையில வைச்சிட்டுத்தான் பிளாவில வாய் வைப்பார். நான் சின்னப் பொடியன், அது அவற்ற ரோசம் எண்டு நினைச்சன், இப்பதான் விளங்குது, அவருக்கு அந்தச் சொல் தெரியாட்டிலும் விசயம் தெரிஞ்சிருக்கு.

சாகேயில இதுக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கு. 1940களில இருந்து 1992 வரைக்கும் ஜப்பானில சாகேயை விசேட தரம், முதலாம் தரம், இரண்டாம் தரம் எண்டு பிரிச்சுத்தான் வித்தவை, ருசி பாத்துத் தரம் குடுத்தது வரித் திணைக்களம். தரம் கூடினால் வரியும் கூடும். தரம் போடுறதும் வரி எடுக்கிறதும் ஒரே வீடு எண்டால் அங்க ருசி பாத்த ஆக்கள் எவ்வளவு நேர்மையான ஆக்களா இருந்தாலும் நலமுரண் அந்த ஏற்பாட்டுக்குள்ளயே கிடக்கு. பரிசோதனைக்கு அனுப்பாத சாகே எவ்வளவு திறமாயிருந்தாலும் இரண்டாம் தரம்தான், வரி குறைவு, அதால சில வடிசாலைக்காரர் நல்ல சாகேயையே அனுப்பாமல் விட்டினம். மியாகி மாகாணத்து இச்சினோகுரா 1977இல ஒரு சாகேக்குப் பெயரே "முகன்சா" எண்டு வைச்சுது, பரிசோதிக்காதது எண்டு அர்த்தம். தரம் எண்ட முத்திரையில சனத்துக்கு இருந்த நம்பிக்கை எப்பிடிக் கழண்டு போச்சுது எண்டதுக்கு அந்தப் பெயர் ஒண்டே காணும்.

வைன் பக்கம் வந்தால் ரொபேர்ட் பார்க்கர். அமெரிக்கச் சட்டத்தரணி, 1978இல வைன் அட்வகேற் எண்ட இதழைத் தொடங்கி, விளம்பரம் எடுக்கமாட்டன் எண்டு நிண்டு, நூறுக்குப் புள்ளி போட்டு, அந்தப் புள்ளியை உலகமே பாக்கிற அளவுக்குக் கொண்டு வந்தவர். அவருக்கும் நலமுரண் இருந்தது, ஒரிகனில மனிசியின்ர சகோதரனோட சேந்து ஒரு வைன் தோட்டத்தில பங்கு, தோட்டத்தின்ர பெயர் போ ஃப்ரேர், பிரெஞ்சில மச்சான்மார் எண்டு அர்த்தம். அந்த வைனுக்கு அவர் புள்ளி போடேல்லை, பங்கு இருக்கெண்டதையும் ஒளிக்கேல்லை. நான் மதிக்கிறது இதைத்தான். இப்ப அந்த இதழ் மிஷெலின் கையில, 2017இல நாப்பது வீதம், 2019இல முழுசும். ரெஸ்ரோரண்டுக்கு நட்சத்திரம் குடுக்கிற வீடும், அந்த ரெஸ்ரோரண்டில விக்கிற வைனுக்குப் புள்ளி போடுற வீடும் ஒண்டு. பிழை நடந்தது எண்டு நான் சொல்லேல்லை, நிலை இது எண்டு சொல்லுறன்.

மாறி ஒரு கதையும் இருக்கு. 1976 மே 24, ஸ்ரீவன் ஸ்பரியர் எண்ட இங்கிலாந்துக்காரர் பாரிஸில கடை வைச்சு பிரெஞ்சு வைன் விக்கிறவர், அவர்தான் பிரெஞ்சு வைனையும் கலிபோர்னியா வைனையும் போட்டியில வைக்கிறார், தீர்ப்புச் சொன்ன ஒன்பது பேரும் பிரெஞ்சுக்காரர். இதைவிட நலமுரண் வேணுமோ? ஆனால் போத்தலைக் காட்டாமல் மறைச்சு ஊத்திக் குடுத்தபடியால வெள்ளையிலயும் சிவப்பிலயும் முதலாவது வந்தது கலிபோர்னியா. ஆளை மாத்தேல்லை, பெயரைத்தான் மறைச்சவை.

எழுதேக்க ஒண்டைக் கவனியுங்கோ. "நலமுரண் செய்தார்" எண்டு எழுதிறது பிழை, சில செய்தியளில அப்பிடிப் பாக்கிறன். "நலமுரண் இருக்கு", "நலமுரணில நிக்கிறார்", "நலமுரணைச் சொன்னார்", "நலமுரணை மறைச்சார்", இப்பிடித்தான் வரும். மறைக்கிறதுதான் செயல், அதைத்தான் குற்றம் எண்டு சொல்லலாம். அமெரிக்காவில 2009இல திருத்தின விளம்பர வழிகாட்டலும் இதைத்தான் கேக்குது, காசோ பொருளோ வாங்கிக்கொண்டு ஒண்டைப் பற்றி நல்லதா எழுதினால் அதை வாசிக்கிறவைக்குச் சொல்லோணும். எங்கட இலங்கையில 2006ஆம் ஆண்டின்ர 27ஆம் இலக்கச் சட்டத்தால மதுவுக்கு விளம்பரமே தடை, விளம்பரம் போக ஏலாத இடத்தில மதிப்புரை எண்ட பெயரில வாறதை இன்னும் கவனமாப் பாக்கோணும் எண்டது என்ர எண்ணம்.

மச்சான் ஆறில ரெண்டு போத்தலைத் திறந்து, பெயர்த்தாளை வேற ஆளைக் கொண்டு சுத்தி மறைப்பிச்சு, நீல வளையம் போட்ட அந்த வெள்ளைக் கிண்ணத்தில ஊத்திப் பாத்திருக்கிறான், சாகே கலங்கலோ தெளிவோ எண்டு அந்த நீல வளையத்தில தெரியும். ஒண்டு நல்லது, மற்றது புளிச்சது எண்டு எழுதினான். கட்டுரையின்ர முதல் வரி இது: "நலமுரண்: இதில வாற ரெண்டு சாகேயையும் விக்கிறவரே எனக்குக் காசில்லாமல் தந்தவர்." சஞ்சிகைக்காரர் அந்த வரியைக் கடைசிக்குக் கொண்டுபோகக் கேட்டவையாம், அவன் ஓமெண்டேல்லை.