அலறினால் யாருக்குக் கேட்கும்?

முதியோர் இல்லத்தில் ஒருவர் காலையில் எழுந்ததும் தலைவலி என்கிறார். சற்று நேரத்தில் பேச்சு குழறுகிறது, எதிரில் நிற்பவரின் பெயர் நினைவுக்கு வரவில்லை. வயதின் கோளாறு என்று சொல்லிவிடுவது எளிது. கார்பன் மோனாக்சைடும் இதே அறிகுறிகளைத்தான் காட்டும். எரிபொருள் அரைகுறையாக எரியும்போது உண்டாகும், நிறமோ மணமோ இல்லாத இந்த வாயு, ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றுகிறது. மூக்கால் அறிய முடியாததைச் சுவரிலுள்ள எச்சரிக்கைக் கருவிதான் அறிய வேண்டும்.

பெரும்பாலான கருவிகளுக்குள் இருப்பது சிறியதொரு மின்வேதிக் கலம். வாயு அதன் மின்முனையைத் தொட்டதும் கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. அப்போது பிறக்கும் நுண்ணிய மின்னோட்டமே அளவைச் சொல்கிறது. இத்தகைய கருவிகளுக்கான அமெரிக்காவின் யூஎல் 2034 தரத்தின்படி, காற்றில் பத்து லட்சத்துக்கு 70 பங்கு இருந்தால் 1 முதல் 4 மணி நேரத்துக்குள் ஒலிக்க வேண்டும். 400 பங்கு இருந்தால் 4 முதல் 15 நிமிடங்களுக்குள். ஹைட்ரஜனையும் இந்தக் கலம் கார்பன் மோனாக்சைடாகவே எண்ணிவிடக்கூடும். மின் சக்கர நாற்காலிகளின் ஈய-அமில பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும். ஆகவே அந்த அறையில் வீண் ஒலி எழலாம். அதற்காகக் கருவியைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். நாற்காலிகளைக் காற்றோட்டமான வேறு இடத்தில் சார்ஜ் செய்யுங்கள்.

இந்த வாயு தரையில் தேங்கும் என்பது தவறான நம்பிக்கை. காற்றைவிடச் சற்றே லேசானது. எங்கும் கலந்து பரவும். ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு அருகிலும் கருவி வேண்டும். பாய்லருக்கு நேர் மேலே, குளியலறையில், ஜன்னலோரத்தில், திரைச்சீலைக்குப் பின்னால் வேண்டாம். உயரத்துக்குத் தயாரிப்பாளரின் கையேட்டைப் பாருங்கள்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது ஒலிதான். வழக்கமான அலாரத்தின் சுருதி ஏறக்குறைய 3,000 ஹெர்ட்ஸ். முதுமையில் முதலில் மங்குவது இத்தகைய உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன். செவிக்கருவியையும் இரவில் கழற்றிவிடுவார்கள். கேட்டாலும் பலரால் தாமாக எழுந்து வெளியேற முடியாது. எனவே எச்சரிக்கை, இரவுப் பணியாளர் அமர்ந்திருக்கும் இடத்திலும் ஒலித்தே ஆக வேண்டும்.

சோதனைப் பொத்தானை அழுத்தினால் ஒலி வருகிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். பெரும்பாலான கருவிகளில் அது மின்சுற்றையும் ஒலிப்பானையும் மட்டுமே சோதிக்கிறது. கலம் செத்திருந்தாலும் ஒலிக்கக்கூடும். கலத்தின் ஆயுள் பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள். கருவியைச் சுவரிலிருந்து கழற்றித் திருப்பிப் பாருங்கள். தயாரித்த தேதியோ மாற்ற வேண்டிய தேதியோ அங்கே அச்சிடப்பட்டிருக்கும்.