பேனரில் இருக்கும் எண்ணை எப்படிப் படிப்பது? வேதியியல் ஆய்வாளரை எடைபோடுவது பற்றிச் சில விஷயங்கள்

ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் வாக்கில் சென்னையைச் சுற்றியுள்ள கல்லூரி வாசல்களில் ஒரே மாதிரியான பேனர்கள் முளைக்கும். "ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் எங்கள் பேராசிரியர்!" கீழே கோட் அணிந்த புகைப்படம். வேதியியல், மெட்டீரியல்ஸ் துறைக்காரர்கள் அதில் தவறாமல் இருப்பார்கள்.

நான் சென்னையில் ஒரு ஆய்வு நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பதவி உயர்வு ஃபைல், விருது விண்ணப்பம், ப்ராஜெக்ட் புரொபோசல் என்று ஆய்வாளர்கள் கேட்கும்போது அவர்களுடைய சைட்டேஷன் கணக்குகளை, அதாவது அவர்களின் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கை, எடுத்துக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. பிஎச்டி சேர நினைக்கும் மாணவர்களும், சில நேரம் அவர்களின் பெற்றோரும்கூட வந்து, "இந்த கைடு பெரிய ஆளா?" என்று கேட்பார்கள். கையில் ஒரு எண் இருக்கும். எச்-இண்டெக்ஸ் 42, மொத்த சைட்டேஷன் 7,000 என்று ஏதாவது ஒன்று. அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவே சொல்லாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 2 சதவீதப் பட்டியல். பட்டியலைத் தயாரிப்பவர் ஸ்டான்ஃபோர்டில் பணிபுரியும் ஜான் ஐயனிடிஸ், உடன் சிலர். தரவு எல்செவியர் பதிப்பு நிறுவனத்தின் ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்திலிருந்து வருகிறது. பல்கலைக்கழகம் ஒரு குழு அமைத்து, ஆளை வரவழைத்து, ஆய்வைப் படித்துப் பார்த்துத் தேர்வு செய்வதில்லை. சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ், கட்டுரையில் முதல் பெயராகவோ கடைசிப் பெயராகவோ இருப்பது என ஆறு அளவுகளைச் சேர்த்துக் கணினி ஒரு மதிப்பெண் போடுகிறது. ஆய்வாளர்கள் 174 துணைத்துறைகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். அதைவிட முக்கியம், பட்டியல்கள் இரண்டு இருக்கின்றன: ஒன்று ஆய்வு வாழ்க்கை முழுவதற்கும், இன்னொன்று ஒரே ஒரு ஆண்டுக்கு. பேனரில் எந்தப் பட்டியல் என்று போட்டிருக்காது. அந்தக் கோப்பு எல்லோரும் இலவசமாகத் தரவிறக்கிப் பார்க்கக்கூடியது. தன்னைத்தானே மேற்கோள் காட்டிக்கொண்டதைக் கழித்தால் இடம் எங்கே போகிறது என்பதும் அதிலேயே இருக்கிறது. பேனர் அடித்த கல்லூரிகளில் எத்தனை பேர் அந்த நெடுவரிசையைத் திறந்து பார்த்தார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

சரி, எச்-இண்டெக்ஸ். கலிஃபோர்னியாவில் இருக்கும் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த அளவு. ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச் 20. ஒரே கட்டுரை 5,000 முறை மேற்கோள் காட்டப்பட்டு மற்றவை அனைத்தும் கிடப்பில் கிடந்தால் எச் 1-தான். ஒருமுறை ஏறினால் இறங்காது. ஆராய்ச்சியை விட்டுவிட்டு நிர்வாகத்துக்குப் போனவருக்கும் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் 32 வயதுக்காரரின் எச்-இண்டெக்ஸையும் 60 வயதுக்காரரின் எச்-இண்டெக்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளே இல்லை. 20 ஆண்டு ஆய்வுக்குப் பிறகு எச் 20 என்றால் நல்ல இயற்பியலாளர் என்று ஹிர்ஷ் எழுதினார். அது இயற்பியலுக்கு, அதுவும் 2005-இல். இன்று நானோ பொருட்கள், சூப்பர்கபாசிட்டர், போட்டோகேட்டலிஸ்ட் போன்ற சூடான பகுதிகளில் வேலை செய்பவர் அந்த எண்ணைப் பத்தே ஆண்டுகளில் தாண்டிவிடலாம். படிகங்களைப் பொறுமையாக வளர்த்து, அவற்றில் அணுக்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று கண்டறிந்து (இதைத்தான் அமைப்பைத் தீர்ப்பது என்பார்கள்) எழுதும் ஒருவரால் அது முடியாமல் போகலாம். முன்னவர் வேலை செய்யும் பகுதியில் கூட்டம் அதிகம். அதற்காகப் பின்னவர் சிறியவராகிவிட மாட்டார்.

ஹிர்ஷ் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தன் அளவுகோல் தவறாகப் பயன்படுகிறது என்று பின்னாளில் அவரே வெளிப்படையாக எழுதினார். அறை வெப்பநிலையில் மீக்கடத்தி (தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்) கண்டுபிடித்ததாக 2020-இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தபோது அதன் தரவைத் தோண்டித் துருவிக் கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர் இதே ஹிர்ஷ். 2022-இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதற்குள் அது எத்தனையோ கட்டுரைகளில் மேற்கோளாக ஏறிவிட்டது. தப்பு என்று சொல்வதற்காகக் காட்டிய மேற்கோளும் கணக்கில் ஒன்றுதான். இயந்திரத்துக்குப் பாராட்டும் தெரியாது, திட்டும் தெரியாது.

இம்பாக்ட் ஃபேக்டர் ஆய்விதழுக்கான அளவு, ஆளுக்கானது இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் விண்ணப்பப் படிவங்களில் "மொத்த இம்பாக்ட் ஃபேக்டர்" என்று ஒரு கட்டம் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஓர் ஆய்விதழ் கடந்த 2 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதே அது. இதை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்ட் வேதியியல் படித்தவர். தன் சைட்டேஷன் இண்டெக்ஸில் எந்த ஆய்விதழ்களைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய அவருக்கு இது தேவைப்பட்டது. சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்கு வேதியியலிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் 2 அளவில்தான் இருந்தது. 2008-இல் ஜார்ஜ் ஷெல்ட்ரிக் தன்னுடைய ஷெல்எக்ஸ் மென்பொருளின் வரலாற்றை அதில் எழுதினார். படிக அமைப்பைத் தீர்க்கும் உலகத்தார் எல்லோரும் பயன்படுத்தும் மென்பொருள்; பயன்படுத்தியவர்கள் எல்லோரும் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டினார்கள். அடுத்த கணக்கில் இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் ஏறக்குறைய 50! அந்தக் கட்டுரை 2 ஆண்டுக் கணக்கிலிருந்து நழுவியதும் பழையபடி 2. அந்த இரண்டு ஆண்டுகளில் அதே இதழில் எழுதிய மற்றவர்கள் தங்கள் பயோடேட்டாவில் 50 என்று போட்டிருந்தால் அது பொய்யில்லை. உண்மையும் இல்லை.

ஒருவரின் பட்டியலில் ரிவ்யூ கட்டுரைகள் எத்தனை என்றும் பாருங்கள். கெமிக்கல் ரிவ்யூஸ் போன்ற இதழ்களின் எண் 50-க்கு மேல் நிற்பதற்குக் காரணம், பிறர் செய்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளை ஒரே இடத்தில் தொகுத்துத் தருவதால் எல்லோரும் அதையே மேற்கோள் காட்டிவிடுகிறார்கள் என்பதுதான். நல்ல ரிவ்யூ எழுதுவது சின்ன வேலை இல்லை. ஆனால் ஆய்வகத்தில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது வேறு, அது வேறு.

அடுத்தது, நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆய்விதழ்களின் படிவமோ "குடும்பப் பெயர்" கேட்கும். ஒருவர் ஒரு கட்டுரையில் "எஸ். குமார்", இன்னொன்றில் "குமார் எஸ்", பாஸ்போர்ட் எடுத்த பிறகு அப்பா பெயர் விரிந்து பின்னால் ஒட்டிக்கொண்டு வேறொருவர். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றிக்கொண்ட பெண் ஆய்வாளர்களின் கட்டுரைகள் இரண்டு ஆட்களின் கணக்காகப் பிரிந்து கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். எதிர்ப்பக்கமும் உண்டு. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் ஒருவரின் பக்கத்தில் தானாகக் கட்டுரைகளைச் சேர்த்துக்கொண்டே போகும். பாலிமர் வேதியியலாளரின் பக்கத்தில் அதே பெயருள்ள கண் மருத்துவரின் கட்டுரைகள் உட்கார்ந்திருக்கும். சிலர் கவனிப்பதில்லை. சிலர் கவனித்தும் நீக்குவதில்லை. ஒருவரின் பக்கத்தைத் திறந்ததும் முதல் கட்டுரையின் ஆண்டைப் பாருங்கள்; அவர் பள்ளியில் படித்த காலமாக இருந்தால் விஷயம் புரிந்துவிடும். இளம் ஆய்வாளர்கள் முதல் கட்டுரை அனுப்பும் முன்பே ஆர்கிட் எண், அதாவது ஆய்வாளருக்கான தனி அடையாள எண், வாங்கிவிடுங்கள். 16 இலக்கம், இலவசம், 2012 முதல் இருக்கிறது. பெயரை எப்படி எழுதுவது என்பதையும் அன்றே முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள்.

கூகுள் ஸ்காலரை நம்பி ஆளை எடைபோட முடியாது என்பதை 2010-இலேயே பிரான்சின் சிரில் லபே வேடிக்கையாக நிரூபித்துவிட்டார். ஐக் அன்ட்காரே என்று இல்லாத ஒரு விஞ்ஞானியை உருவாக்கி, கணினி எழுதிய அர்த்தமற்ற கட்டுரைகள் சுமார் நூறை ஒன்றையொன்று மேற்கோள் காட்டும்படி இணையத்தில் போட்டார். ஆளே இல்லாதவருக்கு எச்-இண்டெக்ஸ் 94 வந்துவிட்டது.

விளையாட்டாகச் செய்தது இப்போது தொழிலாகிவிட்டது. கல்வி நிறுவனங்களுக்கான மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016-இல் தொடங்கியதிலிருந்து கல்லூரிகளுக்குக் கட்டுரை எண்ணிக்கை மீது தனி மோகம். ஒட்டுமொத்தப் பிரிவில் ஆராய்ச்சிக்கு 30 சதவீத எடை. கட்டுரைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை தரும் இடங்கள் இருக்கின்றன. "நம் கல்லூரிக் கட்டுரைகளில் பத்தையாவது மேற்கோள் காட்டு" என்று வாய்மொழி உத்தரவு வருவதாக மாணவர்கள் சொல்கிறார்கள். பணம் கொடுத்தால் கட்டுரையில் பெயர் சேர்த்துத் தரும் ஏஜெண்டுகள் வாட்ஸ்அப்பிலேயே விலைப்பட்டியல் அனுப்புகிறார்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் முறையை என்.ஐ.ஆர்.எஃப். 2025-இல் கொண்டுவந்தது நல்லது. முன்பே செய்திருக்கலாம்.

மெட்டீரியல்ஸ் துறையில் ஒருவர் ஆண்டுக்கு நூறு கட்டுரை எழுதினால் நான் முதலில் கேட்பது வேகத்தைப் பற்றித்தான். நான்கு நாளைக்கு ஒரு கட்டுரை என்று கணக்கு வருகிறது. ஒரு ஆக்ஸைடைச் சூளையில் சுட்டு எடுத்து, எக்ஸ்ஆர்டி (பொருளின் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே சோதனை) எடுத்து, ஐஐடி மெட்ராஸின் சைஃப் போன்ற பொது ஆய்வுக்கருவி மையத்தில் மைக்ராஸ்கோப்புக்கு வரிசையில் நின்று, சரியாக வராமல் மறுபடி செய்த எந்த ஆய்வு மாணவருக்கும் அந்த வேகம் சந்தேகத்தைக் கிளப்பும். பெரிய குழு, நிறைய கூட்டு ஆய்வு என்று நியாயமான விளக்கமும் இருக்கலாம். இருந்தால் யார் எதைச் செய்தார் என்று கட்டுரையிலேயே எழுதியிருக்கும்.

இங்கே துறை தெரிந்தவர்கள் கையாளும் ஒரு சோதனையைச் சொல்கிறேன், பொதுவாசகருக்கும் புரியும். எக்ஸ்ஆர்டி படத்தில் உயர்ந்த முகடுகளுக்கு இடையே அடியில் நடுங்கும் ஒரு கோடு ஓடும். அது கருவியின் இரைச்சல். கைரேகை மாதிரி, இரண்டு முறை ஒரே மாதிரி விழாது. ஒரே சாம்பிளை அடுத்தடுத்து எடுத்தால்கூட மாறும். இரண்டு வெவ்வேறு சாம்பிள்களின் படத்தில் அந்த நடுக்கம் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனால், ஒன்று மற்றொன்றிலிருந்து ஒட்டி எடுக்கப்பட்டது என்று அர்த்தம். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படத்தைத் திருப்பிப் போட்டு வேறு பொருள் என்று சொல்வதும் உண்டு. இப்படிப்பட்ட கேள்விகள், வெளியான கட்டுரைகளை விவாதிக்கும் பப்பியர் என்ற இணையதளத்தில் பதிவாகும். ஒருவரின் பெயரை அதில் தேட ஒரு நிமிடம் போதும். ஒரு கேள்வி இருந்தாலே குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். அதற்கு அவர் அசல் தரவோடு பதில் சொன்னாரா, இல்லை வருடக்கணக்கில் மௌனமா என்று பாருங்கள்.

இவ்வளவும் கழித்துவிட்டால் ஒருவரின் மதிப்பை எதில் பார்ப்பது? அவர் செய்ததை எடுத்து மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான். கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் வேலை செய்த ஜி.என். ராமச்சந்திரன் 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரனுடன் சேர்ந்து வெளியிட்ட வரைபடம், இன்று உலகில் எங்கே ஒரு புரத அமைப்பைத் தீர்த்தாலும் சரிபார்க்கப் பயன்படுகிறது. பயன்படுத்துபவர்களில் பலர் மூலக் கட்டுரையை மேற்கோள் காட்டுவதே இல்லை; "ராமச்சந்திரன் பிளாட்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். எந்தத் தரவுத்தளத்திலும் ஏறாத தாக்கம் அது.

அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். அந்த நிறுவனம் உருவாக்கிய தண்ணீரில்லாக் குரோம் பதனிடும் முறையை ஒரு ஆலை எடுத்துக்கொண்டால் ஆலை முதலாளி மேற்கோள் காட்டப் போவதில்லை. உப்பும் குரோமியமும் குறைவாக வெளியேறும், அவ்வளவுதான். ஐஐடி மெட்ராஸின் டி. பிரதீப்புக்குச் சைட்டேஷனும் ஏராளம். ஆனால் 2020-இல் பத்மஸ்ரீ பெற்ற அவரைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் குடிநீரிலிருந்து ஆர்சனிக்கை நீக்கும் அவருடைய குழுவின் தொழில்நுட்பத்தைத்தான் முதலில் சொல்வேன். 2025 வேதியியல் நோபலைப் பகிர்ந்த மூவரில் ஓமர் யாகி உலகில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்படும் வேதியியலாளர்களில் ஒருவர். ரிச்சர்ட் ராப்சனின் எண்கள் அதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் அந்தப் பரிசுக்குக் காரணமான உலோக-கரிமக் கட்டமைப்புகளுக்கு வழி திறந்தவை ராப்சன் 1989 முதல் எழுதிய கட்டுரைகள்.

கைடு தேடும் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கடந்த 5 ஆண்டுக் கட்டுரைகளில், அவர் பெயருக்கு மேலே நட்சத்திரக்குறி உள்ளவற்றை, அதாவது அவரே கரஸ்பாண்டிங் ஆத்தராக (கட்டுரைக்குப் பொறுப்பேற்றுப் பதில் சொல்பவராக) உள்ளவற்றை மட்டும் தனியாக எடுங்கள். அதில் மூன்றைப் படியுங்கள். புரியாவிட்டால் சீனியர் ஒருவரோடு உட்கார்ந்து படியுங்கள். முதல் பெயர் அவருடைய மாணவருடையதா என்று பாருங்கள். பிறகு அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களில் முன்பின் தெரியாத வெளிநாட்டுக் குழு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எந்த வாக்கியத்தில் காட்டினார்கள் என்று தேடுங்கள். "பலரும் ஆராய்ந்துள்ளனர்" என்ற வரியின் முடிவில் பத்தோடு பதினொன்றாக வந்தால் அதன் எடை வேறு. "இவர்களின் முறையைப் பின்பற்றித் தயாரித்தோம்" என்று வந்தால் வேறு.

அப்புறம் இந்தியப் பிஎச்டி ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்துக்குப் போய் அந்த கைடின் கீழ் முடிந்த ஆய்வேடுகளைப் பாருங்கள். யார் யார் முடித்திருக்கிறார்கள் என்று பெயர் கிடைக்கும். அவர்களில் ஒருவர் பெருங்குடியிலோ ஒரகடத்திலோ வேலை பார்த்துக்கொண்டிருப்பார், லிங்க்ட்இன்னில் பிடித்துவிடலாம். "அண்ணா, தீசிஸ் முடிக்க எத்தனை வருஷம் ஆச்சு? சாம்பிள் எங்கே கொடுப்பீங்க? பேப்பர்ல முதல் பேர் யாரோடது போடுவாங்க?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.