புகார் என்னும் கூப்பாடு

தனக்கோ ஊருக்கோ நேர்ந்த தீங்கை, அதை விசாரிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் தெரிவிப்பதற்கு இன்றைய தமிழில் 'புகார்' என்று பெயர். காவல் நிலையம், மாநகராட்சி, மின்வாரியம் என மதுரையில் எந்தப் படியேறினாலும் இந்தச் சொல்தான் முன்னால் நிற்கும். வக்கீல், ஜாமீன், தாலுகா ஆகியவற்றைப் போல உருது, இந்தி வழக்கின் வழியாக நம்மிடம் வந்த ஆட்சிச் சொல் இது. அங்கே இதற்குக் கூப்பிடும் குரல், உதவி வேண்டி எழுப்பும் ஓலம் என்பதே முதற்பொருள். இதன் உடன்பிறப்பு போன்ற 'பிராது', பாரசீகத்தின் 'ஃபரியாத்' என்பதன் திரிபு. அதற்கும் ஓலம் என்றே பொருள். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்து ஊர்க் கூட்டங்களில், "பிராது கொடுத்தவன் யாருப்பா?" என்று கேட்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஓலமிடுபவரிடம் ஆதாரம் கேட்பது வழக்கமில்லை. இரக்கம் இருந்தால் உதவுவோம். நகராட்சியின் பணத்தை யாரோ கையாடியிருக்கிறார்கள் என்று ஐயுறும் ஒருவர் தரும் தாளுக்கு இந்தப் பொருள் போதாது என்பது என் கருத்து. எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் அனுபவத்தைப் பார்த்த பிறகே இது எனக்கு உறைத்தது. மதுரைக்குப் பக்கத்து நகராட்சி ஒன்றில் 40 மீட்டர் வாய்க்கால் கட்டியதாகப் பில் பாஸாகியிருந்ததைத் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் நகல் வாங்கி அறிந்த அவர், தாமே நாடாவைப் பிடித்து அளந்து, 25 மீட்டர்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். கணினியில் குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை என்று இருந்த பிரிவுகளில் எழுத்தர் 'சாக்கடை'யைத் தேர்ந்தெடுத்தார். மனு, அந்த வாய்க்காலை அளந்து எம் புக்கில் (பணி அளவுகளைப் பதியும் ஏட்டில்) எழுதிய பொறியாளரின் மேசைக்கே போனது. பத்து நாளில் கைப்பேசிக்குப் பதில் வந்தது: சாக்கடை தூர்வாரப்பட்டது, குறை தீர்க்கப்பட்டது.

இதில் எழுத்தரை மட்டும் நோவதில் பயனில்லை. குழாயில் தண்ணீர் வராதது குறை. அதைத் தீர்க்க வேண்டியவர் அந்தப் பிரிவின் அலுவலர்தான். குழாய் போடாமலே போட்டதாகப் பணம் எடுத்தால் அது முறைகேடு. அதை அந்த அலுவலர் விசாரிக்கவே கூடாது. 'புகார்' என்ற ஒற்றைச் சொல் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது.

முறைகேடு என்ற சொல்லிலேயே அதற்கு மாற்றும் ஒளிந்திருக்கிறது. 'முறை' என்றால் ஒழுங்கு மட்டுமில்லை, நீதியும்தான். "ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை" என்று குறள் அதற்கு இலக்கணமே வகுக்கிறது. ஓர்தல், தேர்தல் இரண்டும் இன்று நாம் புலனாய்வு என்று சொல்லும் வேலை; கண்ணோடாமை என்பது நம்மவர் என்று முகம் பார்க்காமல் இருப்பது. அநீதி கண்டவர் "முறையோ!" என்று கதறியதும், 'முறையிடு' என்ற வினை பிறந்ததும் இந்த வேரிலிருந்துதான்.

மதுரையில் இருந்துகொண்டு இதற்குச் சான்று தேட வெளியே போக வேண்டியதில்லை. அரசியின் சிலம்பைத் திருடிய அரண்மனைப் பொற்கொல்லன், கோவலனைக் கள்வன் என்று தானே போய்ச் சொல்கிறான். சொன்னவன் யார் என்று பாராமல், சிலம்பையும் உடைத்துப் பாராமல் பாண்டியன் தண்டனை தருகிறான். எனவே கண்ணகி அவனைத் 'தேரா மன்னா' என்று விளிக்கிறாள். ஆராயாதவன் என்பதே அங்கே குற்றச்சாட்டு. அவள் வழக்குரைத்த விதம் இன்றைக்கும் ஒரு மாதிரிப் படிவம்: முதலில் ஊர், பிறகு கணவன் குடி, இறுதியில் தன் பெயர், அதன்பின் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்ற சோதித்தறியத்தக்க ஒரே செய்தி. மொட்டைக் கடிதாசி எழுதுவோர் கவனிக்க வேண்டிய இடம் அது. அவள் சொன்ன ஊர் புகார், அதாவது காவிரிப்பூம்பட்டினம்; உருதுச் சொல்லோடு அதற்கு ஒட்டுறவு ஏதும் இல்லை.

சரியான தமிழ்ச் சொல் எது? பலரும் 'முறையீடு' என்பார்கள். நல்ல சொல்தான், ஆனால் மேல்முறையீடு என்ற வழக்கால், கீழே ஒரு தீர்ப்பு வந்த பிறகு செய்வது என்ற சாயல் அதற்கு ஏறிவிட்டது. 'குற்றச்சாட்டு' என்றால் இன்னார் குற்றவாளி என்று சாட்டிவிடுகிறோம். ஐயத்தை மட்டும் தெரிவிப்பவருக்கு அது மிகை. இலங்கைத் தமிழர் காவல் நிலையத்தில் கொடுப்பதை 'முறைப்பாடு' என்கிறார்கள். நான் அதையே தேர்வேன். முறை கெட்டால் முறைகேடு, அதைத் தெரிவிப்பது முறைப்பாடு என்று இரண்டும் ஒரே வேரில் நிற்கின்றன. உள்ளாட்சி ஊழலை விசாரிக்க 2014ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்த அமைப்பும் தமிழில் 'முறைமன்ற நடுவம்' என்றே பெயர் பெற்றிருப்பதால், மூன்றாவது கண்ணியும் கிடைத்துவிடுகிறது.

எங்கே கொடுப்பது என்பதும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது. குறைதீர் முகாம் முறைப்பாட்டுக்கு உரிய இடமில்லை. ஆணையர், லஞ்ச ஒழிப்புத் துறை, முறைமன்ற நடுவம் ஆகியவை சம்பந்தப்பட்ட மேசைக்கு வெளியே நிற்பவை. மதுரை மாநகராட்சியின் சொத்துவரி முறைகேட்டு வழக்கும் 2024இல் அப்போதைய ஆணையரே காவல்துறைக்கு எழுதியதில் தொடங்கியதுதான். அலுவலர்களின் கடவுச்சொற்களைப் பயன்படுத்திக் கட்டடங்களின் வரியைக் குறைத்தார்கள் என்ற அந்தக் குற்றச்சாட்டை, 2025இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவின் கையில் ஒப்படைத்தது.

ஆசிரியர் இரண்டாவது முறை எழுதியபோது தலைப்பில் 'முறைப்பாடு' என்று போட்டு, பில் நகலையும் தாம் அளந்த நாளையும் சேர்த்து, விசாரணையை வேறு அலுவலரிடம் தர வேண்டும் என்றும் கேட்டு, நேரே ஆணையர் அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்தார். தலைப்பைப் படித்த எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார்.

"சாருக்குச் சிலோனா?" என்று கேட்டுவிட்டு, ஒப்புகையில் முத்திரை வைத்துக் கொடுத்தாராம்.