நம் கையிலுள்ள ஏஸ் எதிராளியின் கையைப் பற்றிச் சொல்வது

ஒவ்வொருவரும் கையில் இரண்டு மறைவான சீட்டுகளோடும், மேசையில் எல்லோருக்கும் பொதுவான சீட்டுகளோடும் ஆடும் டெக்சஸ் ஹோல்டம் போக்கரில், அந்தப் பொதுச் சீட்டுகள் திறக்கப்படும் முன்பே, ஒரே குறியில் ஏஸும் ஐந்தும் வந்தவர் எதிராளியின் பந்தயத்தை மேலும் உயர்த்துவதைப் பார்த்த வாசகர் ஒருவர், இவ்வளவு எளிய சீட்டுகளுக்கு ஏன் இந்தத் துணிவு என்று கேட்டிருந்தார். விடை சேர்மானக் கணக்கில் இருக்கிறது.

52 சீட்டுகளிலிருந்து இரண்டை 1,326 விதங்களில் எடுக்கலாம். அவற்றில் ஏஸ் ஜோடிக்கு 6, கிங் ஜோடிக்கு 6, ஏஸும் கிங்கும் சேர்வதற்கு 16 என, மிக வலிய இந்த மூன்று வகைகளுக்கும் சேர்த்து 28 விதங்கள் உண்டு. இவை இருந்தால் மட்டுமே எதிராளி நம் உயர்த்தலை எதிர்த்து நிற்பார் என்று கொள்வோம். நம்மிடம் பத்தும் ஒன்பதும் இருந்தால் அந்த 28 அப்படியே இருக்கும். நம்மிடம் ஒரு ஏஸ் வந்துவிட்டாலோ மீதமுள்ள மூன்று ஏஸ்களில் 3 ஜோடிகளே அமையும்; ஏஸும் கிங்கும் சேர்வது 3 × 4 = 12 ஆகிவிடும்; கிங் ஜோடியின் 6 மாறாது. 28 என்பது 21 ஆகிறது. எதிராளியின் சீட்டைப் பார்க்காமலேயே, அவர் வலிமையோடு இருக்கக்கூடிய வழிகளில் கால் பங்கு இல்லை என்று நாம் அறிந்துகொள்கிறோம்; நிபந்தனை நிகழ்தகவின் இந்த அழகு எனக்கு ஒருபோதும் சலித்ததில்லை. ஏஸ் உள்ள அவருடைய எளிய சீட்டுகளும் சேர்ந்தே குறைவதால், நிகரப் பயன் கால் பங்கைவிடச் சிறியதுதான்.

அந்தச் சிறிய பயனும் முக்கியம். மேசையில் 4 பங்கு பந்தயப் பணம் இருக்க, அதை வெல்ல நாம் 8 பங்கு வைத்தால், மூன்றில் இரண்டு முறைக்கு மேல் எதிராளி விலகினாலே அந்தப் பந்தயம் லாபம். அவர் விலகாவிட்டாலும், ஏஸும் ஐந்தும் ஒரே குறியிலான ஐந்து சீட்டாகவோ, ஏஸ் முதல் ஐந்து வரையிலான வரிசையாகவோ வளர இடமுண்டு. ராசியான சீட்டு என்ற நம்பிக்கைக்கு இந்தக் கணக்கில் எங்கும் இடமில்லை. கலைத்த சீட்டுக்கட்டுக்கு முந்தைய ஆட்டம் நினைவிருக்காது.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு, பந்தயத் தொகைக்கு வரம்புள்ள, இருவர் ஆடும் ஹோல்டத்தை நடைமுறையில் தீர்த்துவிட்டதாக, அதாவது நடைமுறையில் தோற்கடிக்க முடியாத ஆட்டமுறையைக் கண்டுவிட்டதாக, 2015-இல் அறிவித்தது. சீட்டாட்டத்துக்கு ஆராய்ச்சிப் பணமா என்று கேட்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஏலத்திலும் பாதுகாப்புத் திட்டமிடலிலும் எதிர்த்தரப்பு அறிந்தது நமக்குத் தெரியாத இதே நிலைதான் உள்ளது. ஆல்பர்ட்டா குழுவின் செஃபியஸ் என்ற கணினி நிரல், தன்னோடு தானே ஆடி, எடுக்காமல் விட்ட முடிவு எவ்வளவு கூடுதலாகத் தந்திருக்கும் என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் அளந்து, அந்த இழப்பைக் குறைத்துக்கொண்டே வந்தது. கையிலுள்ள ஏஸைக் கணக்கில் கொள்ளும்படி அதற்கு எவரும் விதி எழுதித் தரவில்லை.